பிள்ளையார் வாகனம் நம்ம புல்தரையில் வளை தோண்டினால்

ஓம் விநாயகா போற்றி.

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. திருவிழா நெருங்குது, அதுக்கு முன்னால எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டிய விஷயம் இது.

ரெண்டு மாசமா அர்ச்சனை முடிஞ்சு திருநீறு வாங்கின கையோட பக்தர்கள் எங்ககிட்ட ரெண்டு கேள்வி கேக்குறாங்க. முதல் கேள்வி: "வீட்டு முன்னால புல்லு பூரா குழி குழியா தோண்டிப் போட்டிருக்கு, என்ன மருந்து வைக்கலாம்?" ரெண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேக்குறாங்க: "பிள்ளையார் வாகனமாச்சே, அடிக்கலாமா? பாவம் வந்து சேருமா?"

புலனக் குழுவிலும் இதே பேச்சுதான். ஒருத்தர் மருந்து பேரு போடுறார், இன்னொருத்தர் சாபம்னு எழுதுறார். ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலா, நாங்க ஆலய வளாகத்துல செஞ்சு பார்த்ததையும் விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டதையும் இங்கே எழுதுறோம்.

முதலில், தோண்டுறது யாருன்னு பாருங்க

எல்லாக் குழியும் எலிக் குழி இல்லை. ஒரு தம்பி வெளிநாட்டுக் காணொளி ஒண்ணு அனுப்பி, "இந்த அகழெலிதான் அண்ணே நம்ம தாமான்லயும்"னு சொன்னார். அகழெலின்னா கண்ணு சிறுத்து, முன்னங்கால் மண்வெட்டி மாதிரி இருக்கும், மண்ணுக்குள்ளேயே புழு தின்னு வாழுற பிராணி. நம்ம நாட்டில் அது கேமரன் மலையில் இருப்பதாகத்தான் பதிவாகியிருக்கு. போர்ட் கிள்ளான் பக்கம் கடலோர மண்ணில் அதைத் தேட வேண்டியதில்லை.

மழைக்குப் பிறகு புல்தரையில் விரல் தடிப்புக்கு நெளிநெளியா மண் மேலெழும்பி இருந்தா அது பெரும்பாலும் பிள்ளைப்பூச்சி. மனுஷனை ஒண்ணும் செய்யாது, விட்டுடுங்க. லோங்காங் ஓரமா வட்டக் குழியும் பக்கத்துல ஈர மண் உருண்டைகளும் கிடந்தா அது நண்டு.

எலி வளை வேற மாதிரி. வாசல் 6 முதல் 9 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். போய்ப் போய் வந்து ஓரம் வழவழன்னு ஆகியிருக்கும். வாசலுக்கு முன்னால புது மண் விசிறி மாதிரி பரவிக் கிடக்கும். அங்கேருந்து சுவர் ஓரமாவோ வேலி ஓரமாவோ புல் அமுங்கி ஒரு ஒத்தையடிப் பாதை தெரியும். சந்தேகமா இருந்தா சாயங்காலம் பழைய நாளிதழைக் கசக்கி வாசலில் அடைச்சு வையுங்க. காலையில் வெளியே தள்ளியிருந்தா உள்ளே ஆள் இருக்கு.

நம்ம ஆளுங்க பெரிசா பார்த்தா எல்லாத்தையும் பெருச்சாளின்னுதான் சொல்லுவோம். ஆனா வீட்டு முன்னாலேயும் ஆலயத்திலேயும் இப்படி மண்ணைத் தோண்டுறது பெரும்பாலும் பழுப்பு எலி. சாக்கடை எலின்னு சொல்றது இதைத்தான்.

நம்ம பக்கம் ஏன் இவ்வளவு?

எலிக்கு வேண்டியது மூணு: தண்ணி, இருக்க இடம், சாப்பாடு.

தண்ணிக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்லை. கடல் தடுப்புக் கரையும் மடையும் வச்சுத்தான் இந்த நிலத்துல குடியிருக்கோம். ஆயர் பாசாங் பெரிசா வரும் நாளில் லோங்காங்ல தண்ணி திரும்பி ஏறுவதை எல்லாரும் பார்த்திருக்கோம். மண்ணும் எப்பவும் ஈரம். காஞ்சு இறுகிப்போன மண்ணைவிட இதைத் தோண்டுறது அதுக்கு ரொம்ப லேசு.

கடல் ஏறும்போது தாழ்வான வளைகளில் தண்ணி புகுந்திடும். அப்போ எலி மேட்டைத் தேடி ஓடும். நம்ம தாமான்ல மேடு எது? மண் கொட்டி உயர்த்தின வீட்டு முன்புறம், வாழை நட்ட மேடு, ஆலயத்து அரசமர மேடை, மடப்பள்ளிச் சுவர் ஓரம். அதனாலதான் பெரிய ஏற்றம் வந்து போன பிறகு ஒவ்வொரு தடவையும் புதுசா வளை பார்க்கிறோம்.

தண்ணியை நாம நிறுத்த முடியாது, மண்ணையும் காய வைக்க முடியாது. மூணில் நம்ம கையில் முழுசா இருக்கிறது சாப்பாடு ஒண்ணுதான்.

ஒரு எலி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் சாப்பிடும். படையல் போட்ட இலையில் கால் கிலோ சாதம் இரவு முழுக்கக் கிடந்தா எட்டு, பத்து எலிக்கு அன்றைய சாப்பாடு அதிலேயே முடிஞ்சுடும். வயிறு நிறைஞ்ச எலி சும்மா இருக்காது. மூணு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலா சுமந்து எட்டு குட்டி வரைக்கும் போடும், சில சமயம் அதுக்கு மேலேயும் போடும். அந்தக் குட்டிகள் மூணு மாசத்துக்குள்ள தாய் ஆகிடும். பத்து எலியைப் பிடிச்சுட்டு சாப்பாட்டை அப்படியே விட்டா, அந்த இடத்தை அடுத்த பத்து வந்து நிரப்பும்.

வெறுங்காலில் நடக்கிறவங்க நாம

"புல்லு கெட்டுப் போச்சுன்னா போகட்டும், அதுவும் ஒரு உயிர்தானே"ன்னு ஒரு ஐயா சொன்னார். புல் மட்டும்னா நாங்களும் அப்படியே விட்டிருப்போம்.

எங்க குழுவில் பல வருஷமா புல் வெட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார். போன தடவை கடல் தண்ணி ஏறி வடிஞ்ச பிறகு வளாகத்தைச் சுத்தம் செய்தார். குதிகாலில் சின்ன வெடிப்பு. எட்டு நாள் கழிச்சுக் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண்ணு ரெண்டும் சிவப்பு. டெங்கின்னு நினைச்சுத்தான் போனார். "தேங்கின தண்ணியில் கால் வச்சீங்களா, எலி நடமாட்டம் இருக்கிற இடத்தில் வேலை செஞ்சீங்களா?"ன்னு டாக்டர் கேட்ட பிறகுதான் வேற பரிசோதனை எடுத்தாங்க. எலிக் காய்ச்சல். மலாய்க்காரங்க கென்சிங் தீக்குஸ்னு சொல்ற அதே நோய்தான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிள்ளையார் புண்ணியத்தில் வீடு திரும்பிட்டார், இப்போ நல்லா இருக்கார். ஆனா அந்த ஒன்பது நாளும் அவர் வீட்டம்மா சன்னிதியில் உட்கார்ந்திருந்ததை நாங்க மறக்கலை.

இந்த நோய்க் கிருமி எலியின் சிறுநீரகத்தில் இருக்கும். எலிக்கு ஒண்ணும் ஆகாது. அதன் சிறுநீர் வழியா மண்ணுக்கும் தண்ணிக்கும் வரும். வெயிலில் காஞ்ச தரையில் சீக்கிரம் செத்துடும். ஈர மண்ணிலும் தேங்கின தண்ணியிலும் வாரக்கணக்கில் உயிரோட இருக்கும். காலில் இருக்கிற வெட்டு, சிராய்ப்பு, கண், மூக்கு, வாய் வழியா உள்ளே போகும். அறிகுறி தெரிய பொதுவா 5 முதல் 14 நாள் ஆகும். ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சா ஆண்டிபயாட்டிக் மருந்தில் குணமாகும். விட்டா சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் வரைக்கும் போய்விடும். 2010-லிருந்து நம்ம நாட்டில் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒண்ணு.

இப்போ நம்ம வழிபாட்டை நினைச்சுப் பாருங்க. பிரகாரத்தையும் அரசமரத்தையும் வெறுங்காலோடதான் சுத்துறோம். திருவிழாவில் ஈரத் துணியோட, ஈரத் தரையில், வெறும் உடம்போட அங்கப்பிரதட்சணம் செய்றோம். சின்னப் பிள்ளைங்க புல்தரையில் உருண்டு விளையாடுது. அபிஷேகத் தண்ணியைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒத்திக்கிறோம். காலணி போடச் சொல்ற இடம் இல்லை ஆலயம். அதனால தரையைத்தான் நாம சுத்தமா வச்சிருக்கணும். உருள வர்ற பக்தர் "இந்த மண்ணில் படுக்கலாமா"ன்னு யோசிக்க வேண்டிய நிலைமை நம்ம ஆலயத்துக்கு வரக்கூடாது.

விஷ மருந்து ஏன் வைக்கலை?

"ஹார்ட்வேர் கடையில் வாங்கி வளைக்குள்ள போட்டா முடிஞ்சிச்சு லா"ன்னு சொன்னவங்க நிறைய பேர். குழுக் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வந்தது. அப்போ ஒரு அக்கா எழுந்து பேசினாங்க. சின்ன வயசுல செம்பனைத் தோட்டத்தில் அவங்களுக்கு எலி மருந்து போடுற வேலை. மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும் மருந்தை ஒவ்வொரு மரத்தடியிலும் வச்சுக்கிட்டே போவாங்களாம். அவங்க சொன்னது: "மருந்து தின்ன எலி அங்கேயே சாவாது தம்பி. ரெண்டு மூணு நாள் தள்ளாடிக்கிட்டே சுத்தும். ஓட முடியாது. அதைத்தான் ஆந்தை முதல்ல பிடிக்கும்."

அக்கா சொன்னது உண்மை. புரோடிஃபாகம், புரோமாடியோலோன் மாதிரி மருந்துகள் ரத்தம் உறையாம செய்யும். எலி சாக ஒரு வாரம் வரைக்கும் ஆகலாம். அதைத் தின்ன ஆந்தைக்கும் அந்த விஷம் போகும். நம்ம நாட்டுத் தோட்டங்களில் கம்பத்தில் பெட்டி கட்டி வெள்ளை ஆந்தைகளை வளர்க்கிறாங்களே, அது எலியைக் கட்டுப்படுத்தத்தான். குஞ்சு வளர்க்கிற ஒரு ஜோடி வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல பிடிக்கும். அப்படிப்பட்ட காவல்காரனை நாமே கொன்னுட்டு, பிறகு எலி கூடிப்போச்சுன்னு புலம்புறதா?

ஆந்தை கத்தினா ஆகாதுன்னு நம்ம வீடுகளில் ஒரு பயம் உண்டு. வங்காளத்தில் அதே ஆந்தையை மகாலட்சுமியின் வாகனம்னு கும்பிடுறாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி நம்ம ராஜகோபுரத்துப் பக்கம் ஒண்ணு வந்து உட்காருது. தயவு செஞ்சு கல்லெடுத்து அடிக்காதீங்க.

விஷத்தில் இன்னும் சங்கடம் இருக்கு. தாமான்ல நாய், பூனை இருக்கு. பிள்ளைங்க இருக்கு. வளைக்குள்ளேயே செத்த எலி சன்னிதி மேடைக்கு அடியில் கிடந்தா ஆறு கால பூஜை எப்படி நடக்கும்?

பசை அட்டையும் வேண்டாம்னு முடிவு செஞ்சோம். ஒட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க உயிரோட துடிக்கும். எலி மட்டும் ஒட்டாது. மைனா ஒட்டும், அரணை ஒட்டும், பூனைக்குட்டி ஒட்டும். துடிக்க வச்சுச் சாகடிக்கிற எதுவும் ஆலய வளாகத்துக்குள்ள வரக்கூடாதுன்னு ஒருமனதா தீர்மானம் போட்டோம்.

"பூனை வளர்த்தா போதாதா?"ன்னு கேட்டவங்களுக்கு: பூனை குட்டி எலியைப் பிடிக்கும். வளர்ந்த பழுப்பு எலியைக் கண்டா பெரும்பாலான பூனை ஒதுங்கிப் போயிடும். பூனைக்கு வைக்கிற சாப்பாட்டையும் சேர்த்துத்தான் எலி தின்னும்.

அப்போ பாவம்?

ராஜஸ்தானில் பிக்கானேர் பக்கம் தேஷ்னோக்கில் கர்ணி மாதா கோயில் இருக்கு. அங்கே ஆயிரக்கணக்கான எலிகளுக்குப் பாலும் இனிப்பும் வைக்கிறாங்க. அந்தக் காணொளியைக் குழுவில் போட்டு, "அங்க கும்பிடுறாங்க, நாம துரத்துறோமா?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. நியாயமான கேள்வி. அந்த ஊர் வழிபாட்டைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனா அது பாலைவனத்து ஊர். அங்கே அது தலைமுறை தலைமுறையா அந்தக் குலத்தாரின் நம்பிக்கை. நம்ம ஊர் கடலோர ஈர மண். நம்ம ஆகமத்திலும் நம்ம பெரியவங்க வழக்கத்திலும் எலிக்குப் படைக்கிற முறை இல்லை.

நம்ம கதை வேற. கந்தபுராணம் சொல்றபடி, கயமுகாசுரன் எந்த ஆயுதத்தாலும் சாகாத வரம் வாங்கினவன். விநாயகர் தன் கொம்பையே ஒடிச்சு வீசினார். அசுரன் பெருச்சாளியா மாறி எதிர்த்து வந்தான். பிள்ளையார் அதைக் கொன்னு போடலை, ஓட விடவும் இல்லை. ஏறி உட்கார்ந்தார். அன்னையிலிருந்து அது வாகனம்.

எங்க சின்ன அறிவுக்குத் தோணுறது இதுதான். சன்னிதியில் மூஷிகம் எங்கே இருக்கு பாருங்க. பிள்ளையார் பாதத்துக்கு முன்னால, கை கட்டின மாதிரி, அவர் முகம் பார்த்து இருக்கு. கொழுக்கட்டை அவர் கையில் இருக்கு. அவர் கொடுத்தா அது சாப்பிடும். நாம கும்பிடுறது அடங்கி இருக்கிற மூஷிகத்தை. மடப்பள்ளிச் சுவரைக் குடைஞ்சு, படையலைத் தின்னு, பக்தன் காலடியில் நோயை விட்டுட்டுப் போறதை அடக்குறது வாகனத்துக்குச் செய்யற அவமரியாதை இல்லை.

உயிரே போகாம இது முடியுமான்னு கேட்டா, முழுசா முடியாது. பொய் சொல்ல விரும்பலை. கூண்டில் மாட்டினதைக் கொண்டுபோய் சதுப்புக் காட்டுல விடலாம்னு ஒரு யோசனை வந்தது. தெரியாத இடத்தில் விட்ட எலி பெரும்பாலும் பசியிலோ மத்த எலி கடிச்சோ சாகும். இல்லேன்னா பக்கத்துக் கம்போங்கில் போய்க் குடியேறும். நம்ம தொல்லையை அடுத்தவன் வாசலில் கொட்டுறது எந்த தர்மம்? அதனால மாட்டினதை உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளிடம் ஒப்படைக்கிறோம். அவர் சீக்கிரமா, வலி நீளாம முடிப்பார். விரதத்தில் இருக்கிற தொண்டர்கள் இந்த வேலையில் கை வைக்க மாட்டோம்னு சொன்னாங்க. அவங்களை நாங்க வற்புறுத்தலை. அவங்களுக்குக் குப்பை அள்ளுற வேலை, இலை எடுக்கிற வேலை. சொல்லப்போனா எலியை அதிகமா குறைச்சது அவங்கதான். சாப்பாடு இல்லேன்னா எலி குட்டி போடுறதும் குறையும். பிறக்காத எலியைக் கொல்ல வேண்டியதில்லை.

அரசமரத்தடியில் ஒரு பேச்சு

இதில் ரொம்பக் கஷ்டமா இருந்தது எலியைப் பிடிக்கிறது இல்லை. மனுஷங்ககிட்ட போய்ச் சொல்றதுதான்.

ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவறின நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அரசமரத்தடியில் ஒரு கைப்பிடி சாதம் வைப்பாங்க. மழையானாலும் விட்டது இல்லை. அவங்ககிட்ட "வைக்காதீங்கம்மா"ன்னு சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரலை. கடைசியில் ரெண்டு பேர் போய் மெதுவா சொன்னோம். "நான் வைக்கிறது காக்காய்க்கு. எலிக்கு இல்ல"ன்னாங்க. கோபம் இல்லை, ஆனா குரல் உடைஞ்சிருந்தது.

"சரிம்மா, இன்னைக்கு ஒரு நாள் எங்ககூட இருந்து பாருங்க"ன்னு சொல்லி நாற்காலி போட்டோம். ஏழரை மணி. இருட்டினதும் வேருக்கு அடியிலிருந்து ஒண்ணு வந்தது, அப்புறம் மூணு, அப்புறம் எண்ண முடியலை. பத்து நிமிஷத்தில் இலை காலி.

அம்மா ரொம்ப நேரம் பேசலை. பிறகு சொன்னாங்க: "அவரு போனப்போ நான் பாக்டரில வேலை. சாயங்காலம்தான் வர முடிஞ்சது. அப்படியே பழகிட்டேன். காக்கா எல்லாம் கூட்டுக்குப் போன நேரத்துல வச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாரு."

இப்போ காலையில் ஏழு மணிக்கு வர்றாங்க. மேடை மேல தட்டில் வைக்கிறாங்க. நிஜமாவே காக்கா வருது. சாப்பிட்டு முடிச்சதும் தட்டைக் கழுவி எடுத்துக்கிட்டுப் போறாங்க. "இத்தனை வருஷத்துல இப்பத்தான் கண்ணால பார்க்கிறேன்"னு போன வாரம் சொன்னாங்க.

நாங்க எல்லாரையும் கேட்டுக்கிறதும் இவ்வளவுதான். படைக்கிறதை நிறுத்தச் சொல்லலை. யாருக்குப் படைக்கிறோமோ அவங்களுக்குப் போய்ச் சேருற மாதிரி படைப்போம்.

வீட்டிலும் ஆலயத்திலும் என்ன செய்யலாம்?

வரிசை முக்கியம். சாப்பாட்டை நிறுத்தாம முதலில் வளையை மூடினா, எலி பக்கத்திலேயே இன்னொண்ணு தோண்டும்.

1. வாசலில் முனீஸ்வரர், நாகம்மா சன்னிதி வச்சிருக்கிறவங்க, படையல் போட்டுக் கும்பிட்டு அரை மணி நேரத்தில் எடுத்துடுங்க. நைவேத்தியம் பகிர்ந்து சாப்பிடத்தான். ராத்திரி முழுக்க வெளியே கிடக்கணும்னு எந்தச் சாஸ்திரமும் சொல்லலை. எலுமிச்சம்பழம், பூ இருக்கட்டும். முட்டை, சாதம், வாழைப்பழம், உடைச்ச தேங்காய் இருக்க வேண்டாம்.

2. புற்றடியில் முட்டையும் பாலும் வைக்கிறவங்க, பகலில் வையுங்க. சூரியன் மறையுறதுக்கு முன்னால தொண்டர்கள் எடுத்துடுவோம். ராத்திரி வச்ச முட்டை ஓட்டை நாங்க எலி வளை வாசலில்தான் பார்த்திருக்கோம். எலி சேர்ந்தா அதைத் தேடி நிஜப் பாம்பும் வரும். வந்தா அடிக்காதீங்க, கிட்டே போகாதீங்க, 999-க்கு அழைச்சா பிடிக்கிற ஆள் வருவாங்க.

3. பால் அபிஷேகம் முடிஞ்சதும் கோமுகத்திலிருந்து லோங்காங் வரைக்கும் நல்லா தண்ணி விட்டுக் கழுவணும். வீட்டிலும் சோறு கழுவின தண்ணியைப் புல்லில் ஊத்தாதீங்க.

4. குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேணும். பிளாஸ்டிக் பையை வெளியே தொங்க விடாதீங்க. அன்னதான மிச்சம் அன்னைக்கு ராத்திரியே வளாகத்தை விட்டுப் போகணும்.

5. புல்லைக் குட்டையா வெட்டி வையுங்க. எலி திறந்த வெளியில் ஓடப் பயப்படும். பலகை, பழைய ஓடு, பூச்சட்டி, காஞ்ச வாழைச் சருகு எல்லாம் சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

6. ஒரு வாரம் இப்படிச் செஞ்ச பிறகு கூண்டு. எலிக்குப் புதுப் பொருளைக் கண்டா சந்தேகம். அதனால மூணு நாலு நாள் கதவைக் கட்டி திறந்தே வச்சு, உள்ளே தீனி மட்டும் வையுங்க. பழகின பிறகு கதவைப் பூட்டுற மாதிரி விடுங்க. வீட்டில் கருவாடு வைப்பாங்க. ஆலயத்தில் நாங்க சுட்ட தேங்காய்ச் சில்லு வைக்கிறோம், நல்லாவே மாட்டுது. காலையில் முதல் வேலையா கூண்டைப் பாருங்க, வெயிலில் விடாதீங்க.

7. நாளிதழ் அடைச்சுப் பார்த்து, ரெண்டு மூணு நாள் தள்ளாம இருந்தா அந்த வளை காலி. அப்போதான் சரளைக் கல்லும் மண்ணும் போட்டு இடிச்சு மூடணும். உள்ளே குட்டியோட மூடுற வேலை வேண்டாம்.

8. சுவர் ஓரம் திரும்பத் திரும்பத் தோண்டினா, சின்னக் கண் உள்ள கம்பி வலையை ஒரு அடி ஆழத்துக்குப் புதைச்சு, அடியில் வெளிப்பக்கமா ஒரு அடி மடிச்சு விடுங்க. தோண்டிக்கிட்டே வர்றது வலையில் முட்டித் திரும்பிடும். கதவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருந்தா அடைங்க, குட்டி எலி நுழைய அதுவே போதும்.

9. சுத்தம் செய்யும்போது ரப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீங்க. ப்ளீச் கலந்த தண்ணி தெளிச்சு ஊற விட்டுத் துடைங்க. காலில் வெட்டு இருக்கிறவங்க கடல் தண்ணி ஏறின நாளில் தண்ணியில் இறங்க வேண்டாம்.

10. அதுக்கு ரெண்டு, மூணு வாரத்துக்குள்ள யாருக்காவது காய்ச்சல் வந்தா, டாக்டர் கேக்குறதுக்கு முன்னாலேயே நீங்க சொல்லிடுங்க: "எலி இருக்கிற இடத்தில் வேலை செஞ்சேன், தேங்கின தண்ணியில் கால் வச்சேன்." இந்த ஒரு வாக்கியம் நாலு நாளை மிச்சப்படுத்தும்.

பக்கத்து வீட்டுக்காரர் மலாய்க்காரரோ சீனரோ யாரா இருந்தாலும் அவங்ககிட்டேயும் பேசுங்க. எலிக்கு வேலி, நம்பர் எல்லாம் தெரியாது. ஒரு வீடு மட்டும் சுத்தமா இருந்து புண்ணியம் இல்லை. எங்க வரிசையில் ஒரு சீன மாமா தன் வீட்டு வாசலில் வைக்கிற பூஜைப் பழத்தையும் இப்போ ராத்திரி எடுத்து வச்சிடுறார். கேட்டதுக்கு, "உங்க கோயில் செய்யும்போது நான் செய்யக்கூடாதா"ன்னு சிரிச்சார்.

இப்போ எந்த நிலையில் இருக்கோம்?

வேலை தொடங்கின ஞாயிற்றுக்கிழமை, வளை வாசல் ஒவ்வொண்ணிலும் சுண்ணாம்பு வட்டம் போட்டு எண்ணினோம். வளாகத்துல 23 இருந்தது. பத்து வாரம் கழிச்சு, போன ஞாயிறு எண்ணினப்போ 6. அரசமரத்தடியில் ஒண்ணும் இல்லை. மீதி எல்லாம் மடப்பள்ளிப் பின்சுவர் ஓரம். அங்கேதான் கம்பி வலை புதைக்கணும். ஒரு மழைக்காலமும் ஒரு பெரிய கடல் ஏற்றமும் வந்தா மறுபடியும் கூடலாம். இது ஒரு தடவை செஞ்சு முடிக்கிற வேலை இல்லை, விளக்குத் துடைக்கிற மாதிரி வாராவாரம் செய்ய வேண்டியது.

வர்ற ஞாயிறு காலை ஏழரைக்குக் கோத்தோங் ரோயோங். மண்வெட்டி, பூட்ஸ், கையுறை இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க. கம்பி வலைக்கு ஒரு உபயதாரர் ஏற்கெனவே ஒத்துக்கிட்டார். சரளைக் கல் ஒரு லாரி வேணும், முடிஞ்சவங்க அலுவலகத்தில் சொல்லுங்க. பசியாறல் ஆலயத்திலேயே உண்டு. சாப்பிட்ட இலையை மட்டும் அவரவரே எடுத்துப் போட்டுடணும்.

விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை இந்த வருஷமும் உண்டு. மரத்தடியிலும் மதில் மேலேயும் வைக்காம, எல்லாருக்கும் கையிலேயே கொடுப்போம். மறுநாள் காலை அங்கப்பிரதட்சணத்துக்குப் பேர் கொடுத்தவங்க தைரியமா வாங்க. முந்தின நாள் ராத்திரி நாங்க டார்ச் லைட்டோட பிரகாரம் பூரா ஒரு சுற்று பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

இதைப் படிச்சவங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. வேற யோசனை இருந்தா ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லுங்க, கேட்டுக்கிறோம்.


பிள்ளையார் துணை.
ஆலயத் தொண்டர் குழு